இரண்டாம் வாய்

புதன்கிழமை என்றால் எங்கள் பதினான்காம் ஊசி நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, ரத்தப் புற்றுக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது. நிலையத்துக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை, 'நாள் விருப்பம்' என்று ஒரு வசதியையே திறந்துவிட்டார்கள். திங்கள்கிழமை வந்து பாருங்கள், ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் பெயர் கோசலை. வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு ஊசி போட்ட நர்ஸ், இப்போது போட்டுக்கொள்கிறவள். ஈரோட்டுக்குத் தெற்கே இந்தப் பக்கத்தில் ரத்தப் புற்று தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. நிலத்தடி நீரில் என்ன கலந்தது என்று முப்பது வருடமாகக் கமிஷன் வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இடம் போதாமல் பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்றாக இந்த ஊசி நிலையங்களைத் திறந்தார்கள். ஆறு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், சுவரில் ஒரு சாட்சிப்பெட்டி.

எனக்கு இது மூன்றாவது புதன். முதல் இரண்டு வாரமும் வாசல் பக்கம் உட்கார்ந்தேன், பேருந்துச் சத்தத்தில் பெட்டி பேசுவது காதில் விழவில்லை. இன்றைக்குச் சாட்சிப்பெட்டிக்கு அடியிலேயே நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்ததும் முகத்தில் சந்தன வாசனை அடித்தது. பெட்டியிலிருந்து மணிக்கொரு தரம் பீய்ச்சுகிறதாம். அதன் கண்ணாடியில் ஒரு தாமரை விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. பினாயில் வாசனையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். புற்றுநோய் மருந்தின் மேல் சந்தனம் தெளிக்கிற கண்றாவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

நர்ஸ் வினோதா வந்தாள். முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி, ஆனால் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். மேலங்கியும் இரண்டடுக்குக் கையுறையும் போட்டிருந்தாள். என் புறங்கையில் ஊசிக்குழாயைச் சொருகி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தாள்.

"எரிச்சலா இருந்தா உடனே சொல்லோணுங்க்கா. பல்லக் கடிச்சுட்டு இருக்கப்படாது. வெளிய கசிஞ்சா சதையத் தின்னுரும்."

"தெரியும் தாயி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இதைப் பத்தாயிரம் பேருக்குச் சொல்லிட்டேன்."

அவள் சிரித்துவிட்டு, டிரேயிலிருந்து சிரிஞ்சை எடுத்து லேபிளைப் படித்தாள். "கோசலை. கல்யாணி. ரெண்டு மில்லி. இன்னைக்குத் தேதி."

மேலே பெட்டி பேசியது. "கோசலை. கல்யாணி. இரண்டு மில்லி. சரி. நலம் உண்டாகட்டும்."

சிரிஞ்சின் மூக்கில் இருந்த ஊசிப்பூட்டு டிக் என்று திறந்துகொண்டது. வினோதா மருந்தை ஏற்ற ஆரம்பித்தாள். எனக்கு மருந்து ஏறுவது தெரியவில்லை. அந்தக் குரல் என்னுடையது.

இருபத்துநான்கு வருடத்துக்கு முந்தைய என் குரல். ஆனால் நான் ஜென்மத்தில் அப்படிக் குழைந்து பேசியதில்லை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவள் பேச்சு மாதிரி இருந்தது. "நலம் உண்டாகட்டும்" என்ற வார்த்தை என் வாயிலிருந்து எந்தக் காலத்திலும் வந்தது கிடையாது. தூ.

கல்யாணி என்பது வார்டில் நாங்கள் வைத்த பெயர். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிறந்த மருந்து அது. ரத்தக்குழாயில் போனால் புற்றைக் கொல்லும். முதுகுத்தண்டில் போனால் ஆளைக் கொல்லும், அதுவும் உடனே இல்லை. இரண்டு மூன்று நாளில் கால் மரக்கும், அப்புறம் கை, அப்புறம் மூச்சு. மாற்று மருந்து என்று எதுவும் இல்லை. தொல்லை என்னவென்றால், ரத்தப் புற்றுக்காரர்கள் பலருக்கு முதுகில் போடுகிற மருந்து வேறொன்றும் உண்டு. அதைத் தண்டுமருந்து என்போம். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர். ஆள் சரி, மருந்து சரி, அளவு சரி, தேதி சரி, போட்ட இடம் மட்டும் தப்பு என்று என் காலத்திலேயே நாலு பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. இரண்டு மருந்தையும் ஒரே நாளில் போடக் கூடாது, ஒரே அறைக்குள் கொண்டுவரவே கூடாது. கல்யாணியைச் சிரிஞ்சில் அடைக்காமல் சின்ன டிரிப் பையில்தான் கலக்க வேண்டும், பையை யாரும் முதுகில் கொண்டுபோய் மாட்ட முடியாது. கடைசியாக இரு வாய் விதி. ஊசி போடுகிறவர் ஒரு வாய், பக்கத்தில் நிற்கிறவர் இரண்டாம் வாய். இருவரும் லேபிளைச் சத்தமாக, முழுதாகப் படித்தால்தான் பூட்டு திறக்கும். லேபிள் வாசகம் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். 'கல்யாணி. ரத்தக்குழாயில் மட்டும். முதுகில் ஏறினால் சாவு.' சாவு என்று போடவேண்டாம், பாதிப்பு என்று போடலாமே என்று ஓர் அதிகாரி வழவழத்தார். உங்கள் பிள்ளைக்கு என்றால் எந்த வார்த்தை போடுவீர்கள் என்று கேட்டு அந்த ஆளின் வாயை அடைத்தேன்.

பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது. இரண்டாம் வாய்க்கு ஆள் இல்லை. ஒரு கம்பெனி சாட்சிப்பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்குக் கண் உண்டு, லேபிளையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வாய் மட்டும் மனிதனுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் என் குரலைக் கேட்டார்கள், கொடுத்தேன். நல்லதுதானே என்று நினைத்தேன்.

"வினோதா, 'முதுகில் ஏறினால் சாவு' எங்க போச்சு?"

அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசுங்கக்கா. எல்லாரும் இருக்காங்க. அந்த வரி இப்ப இல்லீங்க. நான் வேலைக்கு வந்தப்பவே இல்ல. ஜனங்க அபசகுனம்பாங்க."

"லேபிள்ல இருக்கா?"

"லேபிள்ல பொடி எழுத்துல இருக்குதுங்க. யாரும் வாய்விட்டுப் படிக்கறதில்ல."

"பெட்டி இடத்தைப் பாக்குதா? கையில போடறாங்களா, முதுகுல போடறாங்களான்னு?"

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "அது லேபிளத்தானுங்கக்கா பாக்கும்."

"சரி, கல்யாணி ஏன் சிரிஞ்சுல வருது? பையில்ல வரணும்?"

"பைன்னா ஆளுக்குப் பத்து நிமிசம் ஆகுதுங்க. புதன்கிழமை எப்படிங்க கட்டும்?" ஊசிக்குழாயை உருவி, பஞ்சை அழுத்தினாள். "ரெண்டு நாளைக்குத் தனிக் கழிப்பறைங்க, மருந்து ஒண்ணுக்குல வெளிய வரும். ரெண்டு தடவ தண்ணி ஊத்தோணும்." அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த ஆள் மகிழினி. பதினேழு வயதுப் பெண். என்னை முதல் வாரமே பெரிம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் என் மொட்டைத் தலையையும் அவள் மொட்டைத் தலையையும் சேர்த்துப் படமெடுத்து, இன்னும் நாலு பேர் சேர்ந்தால் தேங்காய்க் கடை போடலாம் என்று எல்லோருக்கும் காட்டினாள். அவள் அப்பா மாரப்பன் காங்கேயம் பக்கம் சூரியத்தகடு துடைக்கிற வேலை பார்க்கிறார். மைல் கணக்கில் தகடு பரப்பிய காட்டில் விடியுமுன் தண்ணீர் பீய்ச்சிவிட்டு அந்த ஈர உடுப்போடு வருவார். அம்மா இல்லாத பெண். அவளுக்கு அவர், அவருக்கு அவள்.

மகிழினி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு சேர்த்து மடங்கிக் கிடந்தாள். முதுகில் போடுவதற்கான படுக்கை அது. கட்டிலை மறைத்து ஒரு துணித் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் டிரே என் கண்ணுக்கு நேரே இருந்தது. டிரேயில் இரண்டு சிரிஞ்ச், ஒரே அளவு, இரண்டிலும் தண்ணீர் மாதிரி மருந்து.

"வினோதா, என்ன இது? ரெண்டும் ஒரே டிரேயில?"

"அவங்கப்பாதானுங்க ரெண்டையும் இன்னைக்கே கேட்டாரு. நாளைக்கு அஷ்டமி, நாளான்னைக்கு நவமிங்களாம்."

"அவர் கேட்டா? நீ படிச்சவதானே?"

"பெட்டி அனுமதிச்சிருச்சுங்கக்கா." அவள் குரலில் இப்போது சலிப்பு இருந்தது. "எனக்கு இன்னைக்கு நாப்பத்தி மூணு பேரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் சர்வேஷ், சின்னப் பையன் மாதிரி முகம், முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, இரண்டு மருந்தையும் ஒரே நாளில் போடக் கூடாது என்றேன். பெட்டி பார்த்துக்கொள்ளும் மேடம், பயப்படாமல் உட்காருங்கள் என்றார். அவருக்கு நான் ஒரு நோயாளிக் கிழவி. பெட்டி பார்த்துக்கொள்ளுமாம். பெட்டியில் இருப்பது நான். இடம் பார்க்காத, தேன் தடவிய, கேட்டவுடன் சரி சொல்கிற நான். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் இந்தப் பெண்ணுக்கும் சரி என்று சொல்லப்போகிறது. என் தொண்டையையே நோண்டி எடுத்து எறியலாம் போல அருவருப்பாக இருந்தது.

குரல் கொடுத்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் நான் அடம்பிடித்துப் போடவைத்த ஷரத்து ஒன்று உண்டு. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன் வாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெட்டி முன்னால் நின்று சொன்னால் போதும். நான் எழுந்து நின்றேன்.

"கோசலை, குரல் எண் நூற்றி ஏழு. என் வாயை எடுத்துக்கொள்கிறேன்."

தாமரை அணைந்தது. சந்தனமும் நின்றது. உயிரில்லாத இயந்திரக் குரல் ஒன்று சொன்னது: "இரண்டாம் வாய் இல்லை. மூல விதிப்படி, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் சிரிஞ்சில் உள்ள லேபிளை முழுதாகப் படிக்கவும்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. இரண்டு நிமிடத்துக்குள் பெட்டியின் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. கவின்ராஜ், வட்டார மேலாளராம். நெற்றியில் திருநீறு, வாய் நிறையப் பணிவு.

"அம்மா வணக்கமுங்க. உங்க குரலுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். இப்ப முப்பத்தொரு நிலையமும் நின்னுபோச்சுங்க. ஒரே ஒரு தடவ 'தருகிறேன்'னு சொல்லீட்டீங்கன்னா…"

"ஆள வெச்சுப் படிக்கச் சொல்லுங்க."

"ஆளுக்கு எங்கீங்கம்மா போறது?"

"பக்கத்துல அப்பன், அம்மா, புருசன்னு யாராச்சும் நிப்பாங்கல்ல. அவங்க படிக்கட்டும். விதி அதுக்குத்தான் எழுதினது. அந்தக் கடைசி வரியை எவன் எடுத்தது?"

கவின்ராஜ் சங்கடப்பட்டார். அந்தச் சங்கடத்தில்கூட ஒரு வழவழப்பு இருந்தது. "யாரும் எடுக்கலீங்கம்மா. பெட்டி தானாக் கத்துக்கிச்சு. மொத ஆறு மாசம் அத உங்க கூடவே வெச்சிருந்தோமில்லீங்களா, நீங்க வார்டுல எப்படிப் படிக்கறீங்கன்னு பாத்துக் கத்துக்கறதுக்கு? அதுலருந்துதானுங்க."

"நான் முழுசாத்தான் படிப்பேன்."

"பெரியவங்களுக்கு முழுசாப் படிச்சிருக்கீங்க. கொழந்தைங்களுக்கு விட்டிருக்கீங்க. எண்பத்தி மூணு தடவை. நீங்க விட்ட அன்னைக்கெல்லாம் குடும்பத்துக்காரங்க சந்தோசமா இருந்தாங்கன்னு பதிவு இருக்குதுங்க. பெட்டி அதத்தான் எடுத்துக்கிச்சு."

எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. நாலு வயதுப் பிள்ளை, கட்டிலில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. லேபிளைப் படிக்க நான் வாய் திறந்தேன். பிள்ளையின் தாய் தன் கையை என் வாயில் வைத்துப் பொத்தினாள். அந்த வார்த்தை வேண்டாம் சிஸ்டர், அவன் காதில் விழவேண்டாம் என்றாள். நான் தலையாட்டினேன், விழுங்கினேன். அந்த ஆறு மாதமும் பூட்டை நாங்கள் கையாலேயே திறந்தோம். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அதிகாரியை அப்படிக் கேட்டவள், ஒரு தாய் கண்ணில் ஒற்றிக்கொண்டதற்காக எண்பத்து மூன்று தடவை விழுங்கியிருக்கிறேன். சீ, நான் என்ன ஜென்மம்.

"சிஸ்டரம்மா." பக்கத்தில் மாரப்பன் வந்து நின்றிருந்தார். பெட்டியின் கண்ணாடியில் ஓடிய நேரத்தைக் காட்டினார். பதினொன்று நாற்பத்தெட்டு. "பன்னண்டுக்கு ராகு காலம் பொறந்துருமுங்க. புள்ள மடங்கிக் கெடக்கறா. உங்களுக்கும் அவளத் தெரியுமில்லீங்க. பெட்டியப் பேசச் சொல்லீருங்க."

"பெட்டி பேசாது. நீங்க படிங்க. படிக்கத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. பத்தாவது." லேபிளில் என்ன இருக்கிறது என்று வினோதா சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் கறுத்தது. "அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டுப் படிக்கறனுங்க. அவ அம்மா போய் மூணு வருசம்தான் ஆச்சு. அவ பக்கத்துல நின்னு நான் எப்படிங்க அதச் சொல்லுவேன்? நல்ல நாளும் அதுவுமா?"

"விட்டுட்டுப் படிச்சா பூட்டு திறக்காது."

"நீங்க பொம்பளையாங்க?" என்றார். அதிர்ந்து பேசாத மனிதர், அதையும் மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு அவர் மேலேயும் வெறுப்பாக இருந்தது. நாள் பார்த்தாயே, ராகு காலம் பார்த்தாயே, டிரேயைப் பார்த்தாயா என்று நாக்கு நுனி வரை வந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து மகிழினியின் குரல் வந்தது. "அப்பா, படிச்சுத் தொலைங்கப்பா. நீங்க சொன்னா நான் செத்தா போயிருவேன்? இப்படியே மடங்கிக் கெடந்தாத்தான் இடுப்பு ஒடிஞ்சு சாவேன்."

டாக்டர் சர்வேஷ் நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, காத்திருக்காமல் முதுகில் ஊசியை இறக்கிவிட்டார். மகிழினி பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. ஊசி உள்ளே நின்றால் இனி மருந்து ஏற்றியே ஆகவேண்டும். அப்பனை அவசரப்படுத்துவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. வினோதா டிரேயிலிருந்து சிரிஞ்சை எடுத்தாள். முதல் வாயாக லேபிளைப் படித்தாள். "மகிழினி. கல்யாணி. ரெண்டு மில்லி. இன்னைக்குத் தேதி." இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே பொடி எழுத்தையும் சேர்த்து, கடைசி வார்த்தை வரை, குரலைத் தாழ்த்திப் படித்தாள். பிறகு தடுப்புக்குப் பின்னால் போனாள்.

கல்யாணி என்று என் காதிலும் விழுந்தது. முதலில் கைக்கு, அப்புறம் முதுகுக்கு என்று நானே மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். கவின்ராஜ் வேறு கண்ணாடியிலிருந்து அம்மா, அம்மா என்று இழைந்துகொண்டிருந்தார்.

"ஸ்கிரீனப் பாத்துப் படிக்காதீங்க" என்று மாரப்பனிடம் சொன்னேன். "சிரிஞ்சுல ஒட்டியிருக்கறதப் படிக்கணும். கிட்டப் போங்க."

அவர் தடுப்பை விலக்கிக்கொண்டு போனார். டாக்டர் கையில் இருந்த சிரிஞ்சுக்கு நேரே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பையன் மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மகிழினி… கல்யாணி… ரெண்டு மில்லி…" மூச்சு விட்டார். "ரத்தக்குழாயில்… மட்டும். முதுகில்… ஏறினால்…"

நின்றுவிட்டார்.

நிலையமே அவர் வாயைப் பார்த்தது. நானும்தான். சிரிஞ்ச் எங்கே மாட்டியிருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை. சொல்லமாட்டான், கடைசி வார்த்தையை இவனும் விழுங்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். ஏசுவதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சொல்லீருங்கண்ணா" என்றாள் வினோதா. "ஒரு வார்த்தைதானுங்க."

"சீக்கிரம்" என்றார் டாக்டர்.

மாரப்பன் கண்ணாடியைக் கழற்றினார். சிரிஞ்சைப் பார்த்தார், அது மாட்டியிருந்த ஊசியைப் பார்த்தார், ஊசி இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"டாக்டர், இது முதுகுதானுங்களே?"

டாக்டர் சர்வேஷ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி. மாரப்பன் கேள்வியோடு நிற்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தகடு துடைத்துக் காய்த்துப்போன கை, டாக்டரின் கையுறை கிழிந்தது. கழற்றுங்க என்றார். டாக்டர் கழற்றினார். பூட்டு திறக்கல, ஒரு சொட்டும் போகல, ஒரு சொட்டும் போகல என்று நாலைந்து தடவை சொன்னார். வினோதா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகிழினி.

"ஒண்ணுமில்ல கண்ணு. அப்படியே படு. அசையாத."

நான் போய்ப் பார்த்தேன். பூட்டு மூடியே இருந்தது. அந்தக் கல்யாணியை என் கையாலேயே எடுத்துக்கொண்டுபோய் வாசல் மேசையில் வைத்தேன். டிரேயில் மிச்சமிருந்த சிரிஞ்சை வினோதா எடுத்துக்கொடுத்தாள். அவள் முதலில் படித்தாள், நாக்கு தடுமாறியது. மாரப்பன் திரும்பவும் கண்ணாடி மாட்டினார். "மகிழினி. தண்டுமருந்து. முதுகில் மட்டும்." அவர் மணிக்கட்டில் இருந்த பட்டை, ராகு காலம் தொடங்கியது என்று இனிமையாக அறிவித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அளவு, தேதி, மருந்து செய்த இடம், காலாவதி, உறையைக் குப்பையில் போடும் முறை வரைக்கும், லேபிளில் இருந்த ஓர் எழுத்து பாக்கி விடாமல் படித்தார். பிறகு மகளின் முதுகைப் பார்த்தார், டாக்டரின் முகத்தைப் பார்த்தார். "ஏத்துங்க" என்றார்.

கல்யாணியை இன்றைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எப்போது போடலாம் என்று என்னிடம் கேட்டார். நாளைக்கு வாங்க, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். நாளைக்கு அஷ்டமி என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கண்ணாடியில் கவின்ராஜ் இன்னும் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது, பணிவு மட்டும் கரையவில்லை.

"நல்லவேளைங்கம்மா. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகலீங்க. அப்ப… வாயத் திருப்பிக் குடுத்தர்றீங்களா? அந்த வரிய வேணா சேத்துக்கலாமுங்க. கொஞ்சம் மென்மையா."

"இன்னைக்குக் காலைலருந்து முப்பத்தொரு நிலையத்துலயும் எத்தன முதுகு ஊசிக்கு நான் சரி சொல்லியிருக்கேன்?"

அவர் குனிந்து எதையோ பார்த்தார். "எண்பத்தாறுங்க."

"அதுல ரெண்டு மருந்தையும் ஒரே டிரேயில வெச்சுப் போட்டது எத்தன பேருக்கு?"

"அது பதிவாகறதில்லீங்கம்மா. ஏதாச்சும் ஆயிருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமுங்க."

"தெரியாது" என்றேன். "கால் மரத்துப்போக ரெண்டு மூணு நாள் ஆகும். போன புதன் எத்தன? அதுக்கு முந்தின புதன்?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையிலிருந்த கிண்ணத்தை எடுத்து வாந்தியெடுத்தேன். காலையில் குடித்த கஞ்சி முழுவதும் வந்தது, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வினோதா ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஓய்ந்ததும் கிண்ணத்தை வாங்கி மூடி, என் கைப்பட்டையில் குறித்துக்கொண்டாள்: மருந்தினால் குமட்டல்.